காதால் நிரல் எழுதும் இன்ஷாப்

கல்முனைக்குடியில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இன்ஷாபின் வீடு. அவர் வேலை செய்யும் நேரத்தில் உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் ஒன்றும் விளங்காது. மேசையில் மடிக்கணினி திறந்திருக்கும், திரை மட்டும் கறுப்பாகக் கிடக்கும். காதில் ஹெட்போனோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, விரல்கள் நிற்காமல் ஓடும். ஒருநாள் பக்கத்து வீட்டு அப்துல் ஹமீட் ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு, "கரண்ட் இல்லயா தம்பி?" என்று கேட்டார்.

"கரண்ட் இரிக்கி ஹாஜியார். எனக்குத்தான் வெளிச்சம் தேவல்ல" என்றார் இன்ஷாப்.

அதை அப்படிச் சிரித்துக்கொண்டு சொல்ல அவருக்குச் சில வருடங்கள் எடுத்தன.

சின்ன வயதிலிருந்தே, இருட்டி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவருக்குச் சரியாகக் கண் தெரியாது. பள்ளிவாசலிலிருந்து வரும்போது வாப்பாவின் சாரன் நுனியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மாலைக்கண் என்று சொல்லி ஆட்டு ஈரலும் பொன்னாங்காணியும் கொடுத்துப் பார்த்தார்கள். பகலில் நன்றாகத் தெரிந்ததால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. படித்து, பல்கலைக்கழகம் போய், கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் ஒரு கண் வைத்தியர் விஷயத்தை உடைத்துச் சொன்னார். பரம்பரை நோய். விழித்திரை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லச் செத்துக்கொண்டு வரும். ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போலப் பார்வை சுருங்கும், பிறகு குழாயும் அடைபடும். மருந்து கிடையாது.

இன்ஷாப் அதைச் சொன்னது ஒரேயொருவரிடம். கலியாணம் பேசி முடிவாகும் முன்னரே முஸ்பிறாவிடம் நேரில் சொன்னார். அவள் பாலர் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். "முதல்லயே சொல்லிட்டீங்க. அது போதும் எனக்கு" என்றாள்.

அலுவலகத்தில் அவர் வாயைத் திறக்கவில்லை. அந்த நிறுவனம் வெளிநாட்டுக் கப்பல் சேவைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் முன்பதிவுத் தளங்கள் செய்து கொடுப்பது. எல்லோரும் விரைவாக ஓடுகிற இடம். கண் போகிறது என்று தெரிந்தால் அடுத்த வேலையை அவரிடம் தர யோசிப்பார்கள் என்று பயந்தார். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். கூட்டங்களில் யாராவது "இந்த மூலையைப் பாருங்கோ" என்றால், பார்க்காமலே "ஓம் ஓம்" என்பார். பெருந்தொற்று வந்து எல்லோரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னபோது, ஊரெல்லாம் அடைபட்டுக் கிடந்த அந்தக் காலம் அவருக்கு மட்டும் மூச்சுவிடக் கிடைத்த காலமாக இருந்தது. கல்முனைக்குடிக்கே குடிவந்துவிட்டார். மகள் அம்ஹாவும் பிறந்தாள்.

பிறகு அந்த அறிவித்தல் வந்தது. எல்லோரும் அடுத்த மாதத்திலிருந்து கொழும்பு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும், விதிவிலக்கு இல்லை. முஸ்பிறாதான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அதற்குள் பெரிய எழுத்தும் அவருக்குக் கலங்கத் தொடங்கியிருந்தது.

"கொழும்புல ரோட்ட எப்பிடிக் கடப்பீங்க?" என்று கேட்டாள்.

"கடக்கேலாது. வேலய விடத்தான் வேணும்."

அன்று பின்னேரமே அவர் தம் குழுத் தலைவி சுஜித்தாவுக்கு அழைப்பு எடுத்தார். சுஜித்தா காரைதீவுக்காரி. அவரைவிடச் சில வயது மூத்தவள். கொழும்பில் பல வருடங்களாக வேலை செய்தாலும் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. ராஜினாமா செய்யப்போவதாகச் சொன்னதும் அவள் காரணம் கேட்டாள். குடும்பம், பிள்ளை, தூரம் என்று அவர் எதையெதையோ அடுக்கினார்.

"கண்தானே இன்ஷாப்?" என்றாள் அவள்.

அவர் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"நீங்க திரையைப் பகிரேக்க எழுத்தெல்லாம் யானை அளவில கிடக்கும். ஒரு வரியில நாலு சொல்லுத்தான் தெரியும். நீங்களா சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன். இப்ப எவ்வளவு தெரியுது?"

அலுவலகத்தில் ஒருவரிடம் முதல் தடவையாக அவர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

"ராஜினாமா ஒண்டும் அனுப்பாதீங்க. தைப்பொங்கலுக்கு ஊருக்கு வாறன். வந்து கதைக்கிறன்" என்று சொல்லி அவள் வைத்தாள்.

சொன்னபடி வந்தாள். ஸ்கூட்டரில் மடிக்கணினிப் பையோடு வந்து இறங்கி, முஸ்பிறா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, மேசையில் இன்ஷாபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் ஒன்றை இரண்டு கணினிகளிலும் போட்டாள். பிறகு தன் திரையின் வெளிச்சத்தையும் முழுக்க அணைத்தாள்.

"உங்களுக்கு ஏன் அக்கா?" என்று கேட்டார் இன்ஷாப்.

"எனக்கும் தெரியாதே. ரெண்டு பேரும் சேந்து பழகுவம்."

அன்று பகல் முழுக்க ஒரேயொரு கோப்பைத் திறந்து மூடத்தான் முடிந்தது. இயந்திரக் குரல் இடது அடைப்பு, வலது அடைப்பு, புள்ளி, காற்புள்ளி என்று ஒன்று விடாமல் ஒப்புவித்தது. அறைக்குள் வண்டு அடைபட்ட மாதிரி இருக்கிறது என்று முஸ்பிறா சிரித்தாள். சுஜித்தா விடுமுறையில் நின்ற நாளெல்லாம் வந்தாள். இன்ஷாபுக்குத்தான் பொறுமை போனது. பத்து வருடமாகக் கண்ணால் ஒரு வீச்சில் பிடித்துக்கொண்ட வேலையை, ஒவ்வொரு எழுத்தாகக் காதால் பொறுக்க வேண்டியிருந்தது. ஒருநாள் நடுப்பகலில் கணினியை அடித்து மூடிவிட்டு எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். முஸ்பிறா பின்னாலேயே போய்ப் பக்கத்தில் இருந்தாள். தோணிகள் இழுத்து விடப்பட்டிருந்த மணலில், வெயில் சாயும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வந்தபோது சுஜித்தா இன்னும் அதே மேசையில், கறுத்த திரைக்கு முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இருந்தாள்.

"இதில எங்கயோ பிழை கிடக்கு. எனக்குப் பிடிபடுதில்ல. ஒருக்காக் கேட்டுப் பாருங்க" என்றாள்.

இன்ஷாப் ஹெட்போனை வாங்கி மாட்டினார். குரலின் வேகத்தைக் கூட்டினார். கேட்டுக்கொண்டு போகையில் ஓரிடத்தில் ஏதோ தட்டியது. திரும்பவும் கேட்டார். திறந்த ஓர் அடைப்பு மூடப்படாமல் கிடந்தது. அதைத் திருத்தி ஓடவிட்டார். ஓடியது. சுஜித்தா கையைத் தட்டினாள். முஸ்பிறாவுக்கு விஷயம் விளங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

அன்று அஸர் தொழுதுவிட்டு அவர் நெடுநேரம் கையேந்தித் துஆவில் இருந்தார்.

அலுவலகத்தில் சுஜித்தா மேலிடத்தோடு மல்லுக்கட்டினாள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்கள். அவள் விடவில்லை. பெரியவர்களை ஓர் இணையக் கூட்டத்துக்கு இழுத்து வந்து, இன்ஷாப் எப்படி வேலை செய்கிறார் என்று நேரடியாகக் கேட்கவைத்தாள். பார்ப்போம் என்று ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழிந்தபோது யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

அதற்குள் அவர் பார்வை முழுதாகப் போயிற்று. பயந்துகொண்டிருந்த நாள் வந்தபோது, அதன் மறுநாளும் வேலைநாளாகவே இருந்தது.

பிறகு செயற்கை நுண்ணறிவின் அலை அடித்தது. நிரலை இயந்திரமே எழுதித் தள்ளும், இத்தனை பேர் எதற்கு என்று நிறுவனங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கின. ஒரு காலையில் எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார்கள். யாரோ ஒருவர் இனிய குரலில் எல்லோருடைய உழைப்புக்கும் நன்றி சொல்லி, சிலரை வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தார். கூட்டம் முடிந்து இன்ஷாப் குழுவின் உரையாடலைத் திறந்து, சுஜித்தாவுக்கு ஏதோ கேட்க அவள் பெயரைத் தேடினார். காதுக்குள் குரல் வாசித்தது: "சுஜித்தா. இந்தப் பயனர் இப்போது இல்லை."

இயந்திரம் எப்போதும் வாசிக்கும் அதே குரல். தொலைபேசியில் அழைத்தார்.

"ஓம் இன்ஷாப், எனக்கும்தான்" என்றாள் அவள். அழுதிருந்தாள் என்று குரலில் தெரிந்தது. "குழுத் தலைவர்மாரைத்தான் கூடுதலா நிப்பாட்டியிருக்கினம்."

"அப்ப நானும் விடுறன் அக்கா. நீங்க இல்லாத இடத்தில எனக்கென்ன வேல?"

"விசர்க்கதை கதைக்காதீங்க" என்றாள் சட்டென்று. "நீங்க விட்டா எனக்கு வேலை திரும்பி வருமா? இருந்து காட்டுங்க. எனக்கு வேற இடம் கிடைக்கும்."

அவர் இருந்தார்.

சில மாதங்கள் கழித்து டென்மார்க்கிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தது. நிறுவனம் செய்து கொடுத்த கப்பல் முன்பதிவுத் தளத்தில், கண் தெரியாத ஒரு பெண்ணால் பயணச்சீட்டு எடுக்க முடியவில்லை. இயந்திரம் எழுதிய பக்கங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தன. ஆனால் வாசிப்பு மென்பொருள் கொண்டு திறந்தால், "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு போயின. எது பணம் கட்டும் பட்டன், எது அழிக்கும் பட்டன் என்று யாருக்கும் தெரியாது. ஐரோப்பாவில் இதற்கெனப் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்திருந்தது. மேலிடம் பதறிக்கொண்டு ஆள் தேடியது. அப்போது யாரோ ஒருவருக்கு இன்ஷாபின் ஞாபகம் வந்தது.

இப்போது அதுதான் அவருடைய வேலை. நிறுவனம் செய்யும் எந்தத் தளமும் அவர் காதைத் தாண்டித்தான் வெளியே போகும். அவருக்குக் கீழே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவைத் திட்டுகிறவர்களோடு அவர் முழுதாகச் சேர்வதுமில்லை. ஒரு நல்ல மனுசியின் வேலையை அது தின்றது என்பதை அவர் மறக்கவில்லை. அதே நேரம் அம்ஹா கீறிக்கொண்டு வரும் படத்துக்கு முன்னால் தொலைபேசியைப் பிடித்தால், அதில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்வதும் அதுதான். ஒருமுறை அது, "மூன்று பேர் நிற்கிறார்கள். ஒருவருக்கு மிகப் பெரிய காதுகள்" என்றது. அம்ஹா வெட்கப்பட்டு உம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

சுஜித்தாவுக்கு வேலை கிடைக்க நாள் எடுத்தது. கொழும்பில் இன்னொரு நிறுவனம், முந்தியதைவிடச் சின்னது. சேர்ந்த கொஞ்ச நாளில் அழைத்தாள்.

"என்ர குழுப் பிள்ளையளுக்கு நீங்க தளத்தைக் காதால பாக்கிற விதத்தை ஒருக்கா வந்து காட்ட ஏலுமா? நான் வாயால சொன்னா விளங்குதில்ல."

கண் போனபின் அவர் கொழும்புக்குப் போனதில்லை. முஸ்பிறாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். அந்த அலுவலகத்தில் இளம் பொறியியலாளர்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். தாங்கள் செய்துகொண்டிருந்த மருந்துக்கடைத் தளம் ஒன்றை அவரிடம் கொடுத்தார்கள். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, குரலை ஒலிபெருக்கியில் போட்டார் இன்ஷாப். முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு மூன்று பக்கம் போனதும் சிரிப்பு நின்றது.

"சீனி வருத்தத்தால கண் போன ஒருத்தர் மருந்து எடுக்க வாறார் எண்டு வையுங்க" என்றார் அவர். "எந்தப் பட்டன அமத்திற எண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?"

மேனுஜா என்ற பெண் அங்கேயே உட்கார்ந்து பட்டன்களுக்குப் பெயர் வைக்கத் தொடங்கினாள். பின்னேரத்துக்குள் அந்தப் பக்கம் ஒழுங்காகப் பேசியது. அவர்கள் எல்லோரும் திரும்பவும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

சுஜித்தா பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டபோது, பல நாளாக மனதில் வைத்திருந்ததை இன்ஷாப் சொல்லப் பார்த்தார்.

"அக்கா, அண்டைக்கு நீங்க மட்டும் வராம இருந்திருந்தா..."

"வந்தன்தானே" என்றாள் சுஜித்தா. "அந்த ஒரு கிழமையில நானும் எவ்வளவு படிச்சன். போய்ச் சேந்தவுடன சொல்லுங்க."

பஸ் புறப்பட்டது. முஸ்பிறா யன்னலோரம் இருந்தாள். வழிநெடுகத் தெரிவதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"நித்திரயா?" என்று கேட்டாள் கொஞ்ச நேரத்தில்.

"இல்ல. அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கிட்டிரிக்கன். நீங்க சொல்லுங்க."