ஒளித்துவைப்பவள் தோற்ற நாள்

ஜெயிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்து, ஒவ்வொரு முறை ஜெயித்த பிறகும் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தியவள் இந்த ஜெல்லிக்காரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். அதற்கு முன் பக்கத்து மருத்துவமனைச் சமையலறையில் இருந்தாள். ஆபரேஷன் முடிந்து வாய் கசந்து கிடக்கிறவர்களுக்கு ஜெல்லி செய்து கொடுப்பது அவள் பொறுப்பு. ஒரு நாள் ஆராய்ச்சிக் கூடத்து டாக்டரம்மா, தானே ஜெல்லி காய்ச்சிப் பார்த்து அடிப்பிடித்த பாத்திரம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே வந்து நின்றார்.

"உங்க ஜெல்லியில மட்டும் ஒரு குமிழிகூட இல்லையே, எப்படிங்க?"

"ஊத்தும்போது பேசக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

அவள் அப்படிச் சொன்னதில் பாதி பொய். ஊற்றும்போதுதான் அவள் அதிகம் பேசுவாள். ஆனாலும் சில வாரங்களில் அவளுக்கு வேலை மாறிவிட்டது.

புது வேலை இப்படி. கடற்பாசித் தூளைக் காய்ச்சி, ஒரு பெண்ணின் மார்பு அளவுள்ள அச்சில் அடுக்கடுக்காக ஊற்றி உறையவைக்க வேண்டும். உறையும்போதே அதற்குள் சின்ன உருண்டைகளைப் புதைத்துவிட வேண்டும். அவைதான் புற்றுநோய்க் கட்டிகள். டாக்டரம்மா கொடுக்கும் புற்றுநோய்ச் செல்களை அவற்றில் கலந்திருப்பாள். நிறம் என்னவோ ஜெல்லியின் நிறமே. பிறகு டாக்டரம்மாவின் ஆட்கள் அதற்குள் நானோ துகள் கலந்த தண்ணீரைச் செலுத்துவார்கள். துகள் என்றால் வேறொன்றுமில்லை, இரும்புத் துரு மாதிரிதான். ஆனால் சாதாரண மைக்ராஸ்கோப்புக்கே டிமிக்கி கொடுக்கும் அளவுக்குப் பொடிசு. அதன் மேல் ஒரு பூச்சு பூசியிருப்பார்கள். அந்தப் பூச்சு புற்றுநோய்ச் செல்லைக் கண்டால் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றதைத் தொடாமல் போய்விட வேண்டும். மிச்சத்தைக் கழுவிவிட்டு ஸ்கேனில் வைத்தால், துகள் பிடித்த இடம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். எங்கே, எத்தனை ஒளித்திருக்கிறாள் என்பது அவர்கள் குறி போட்டு முடிக்கும்வரை அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதுதான் ஏற்பாடு.

அவள் அவர்களுக்குத் தண்ணி காட்டினாள். ஒரு தடவை துகள்களெல்லாம் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அடியில் வண்டலாக இறங்கிவிட்டன. இன்னொரு தடவை கண்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு, படம் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேன் எடுப்பவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். எதற்கும் அவசரப்படாத மனிதர் என்பதால் வந்தது. அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தைத் துழாவுவார். கடைசியில் ஜெல்லிக்காரி போய், "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைப்பாள். குரலில் பெருமை இருக்கும். வீட்டுக்குப் போனால் அந்தப் பெருமை எங்கே போகும் என்று தெரியாது.

வீட்டில் அக்கா இருந்தாள். அக்காவின் கட்டியை முதலில் கண்டுபிடித்தது அக்காவின் விரல்கள்தான். மார்பக எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. சிலருக்கு மார்புச் சதை அடர்த்தியாக இருக்கும்; படத்தில் அந்தச் சதையும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. வெள்ளைச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை. தெரிந்தபோது கட்டி வளர்ந்துவிட்டிருந்தது. ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த மார்பிலும் அதே அடர்த்தி, அதே சந்தேகம், அதே "மறுபடி ஒரு தடவை எடுத்துப் பாத்துருவோம்".

போன வருஷம் அக்கா கையை விரித்துவிட்டாள். "போதும் பாப்பா. இருந்தாலும் தெரியலன்னு சொல்ற படத்துக்கு நான் எதுக்குப் போய்ப் படுக்கணும்? இனிமே ஸ்கேன்னு என்கிட்ட பேசாத." ஐம்பது வயதுத் தங்கையைப் பாப்பா என்று கூப்பிடுகிறவளிடம் எதிர்த்துப் பேசி யார் ஜெயிப்பது? ஜெல்லிக்காரி கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. துகள் பலித்து, மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தால் ஒருவேளை மனம் மாறுவாள். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெல்லிக்காரி தினமும் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதற்காகச் சலுகை காட்டினாளா என்றால், அதுதான் இல்லை. அக்காவின் கட்டி யாருக்குச் சலுகை காட்டியது?

புதுப் பூச்சு வந்தது. அனுமதிக் குழுவின் தலைவியே நேரில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பைச் செலவழிக்காத அம்மாள். அவருடைய நிபந்தனை கறாரானது: இருப்பதை விட்டுவிட்டாலும் தோல்வி, இல்லாததை இருக்கிறது என்றாலும் தோல்வி. "இல்லாத கட்டிக்காக ஒரு பொண்ணு ஊசி குத்திக்கிட்டு, உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது" என்றார். அதில் யாருக்கும் மறுபேச்சு இல்லை.

வைத்த மாதிரிகளில் எல்லாம் சரியாகக் குறி போட்டுவிட்டார்கள். பாக்கி ஒன்றுதான். அதில் ஜெல்லிக்காரி தன் வித்தையெல்லாம் காட்டியிருந்தாள். ஒரு உருண்டை நெஞ்சு எலும்பு வரும் பக்கம் ஒட்டினாற்போல், இன்னொன்று காம்புக்கு நேர் பின்னால். இரண்டும் யாரும் சுலபத்தில் பார்க்காத மூலைகள்.

அவசரம் தன் வழக்கப்படி ஆற அமரப் படத்தை நகர்த்தினார். எலும்புப் பக்கம் ஒரு கறுப்பு. குறி போட்டார். காம்புக்குப் பின்னால் ஒரு கறுப்பு. குறி போட்டார். அவர் நிறுத்தவில்லை. கீழே, நடுவாந்திரத்தில், இன்னொரு இடத்தில் மூன்றாவது குறியைப் போட்டார்.

"மூணு" என்றார்.

ஜெல்லிக்காரி மனசுக்குள் மறுபடி எண்ணிப் பார்த்தாள். இரண்டுதான்.

"எத்தனை வச்சீங்க?" என்று தலைவி கேட்டார்.

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜெல்லிக்காரியின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. அவசரம் மெல்ல இழுத்தார்: "காத்துக் குமிழியும் கறுப்பாத்தான் தெரியும். ஜெல்லியில ஒரு குமிழி விழுந்திருந்தா..."

வழி திறந்தே கிடந்தது. ஆமாம், என் கை பிசகிவிட்டது என்று ஒரு வார்த்தை போதும்; பழி ஜெல்லியோடு போய்விடும், துகள் தப்பிக்கும். மூன்று என்று சொன்னால் இன்னும் சுலபம், கேட்க ஆளே கிடையாது. அக்காவின் முகம் அவள் கண்முன் வந்து நின்றது. ஆனால் பொய்யை நம்பி அக்காவை அந்த ஸ்கேன் குழாய்க்குள் படுக்க வைப்பதா?

"ரெண்டுதாங்க வச்சேன்" என்றாள். "குமிழி வர வாய்ப்பே இல்ல. வேணும்னா வெட்டிப் பாத்துருவோம்."

அவளே கத்தியை எடுத்தாள். மெல்லிய துண்டுகளாக, மூன்றாவது குறி இருந்த ஆழம்வரை அறுத்துக்கொண்டே போனாள். அந்தத் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, நடுவில் துரு நிறத்தில் ஒரு பொட்டு. கடுகில் பாதிகூட இருக்காது. இடுக்கியால் எடுத்து விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்தினாள். காற்று இல்லை. ஜெல்லியைவிடக் கெட்டியாக இருந்தது.

அவளுடைய உருண்டைகள்தான் அந்தக் கெட்டி.

மளமளவென்று எலும்புப் பக்கத்து உருண்டையைத் தோண்டி எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது. பொட்டை அங்கே வைத்துப் பார்த்தாள், கச்சிதமாக உட்கார்ந்தது. புதைக்கப் போகும்போது இடுக்கி நசுக்கியிருக்கிறது. உடைந்த துணுக்கு இடுக்கியின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து, பாதி உறைந்த அடுக்கில் விழுந்திருக்கிறது. மேலே அடுத்த அடுக்கை ஊற்றி அவளே அதை மூடியிருக்கிறாள். யாரிடம் என்ன பேசிக்கொண்டு ஊற்றினாளோ!

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது நீங்க வச்சதில்லையா?"

"இல்லங்க. விழுந்தது. எனக்கே தெரியாது."

"உங்களுக்கே தெரியாதது இதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று தலைவி எழுந்தார். "எனக்கு வேற கேள்வி இல்ல. மனுஷங்ககிட்ட ஆரம்பிங்க."

டாக்டரம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவசரம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினார், அடுத்த அறைக்குச் சேதி சொல்ல. ஜெல்லிக்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை காலம் யாராலும் தோற்கடிக்க முடியாதவளை, கண்ணுக்குத் தெரியாத துரு மண்ணைக் கவ்வ வைத்துவிட்டது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை அளந்து சொல்ல முடியாது.

பிசுபிசுத்த கையோடு போனை எடுத்தாள். "அக்கா, நான் தோத்துட்டேன்" என்று ஆரம்பித்து, துணுக்கு விழுந்தது, மூன்றாவது குறி, வெட்டியது, அனுமதி கிடைத்தது எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அக்கா கடைசிவரை கேட்டாள்.

அப்புறம் அக்காவின் குரல் வந்தது.

"பாப்பா, எனக்கு எப்ப ஸ்கேன் எடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு. நான் வரேன்."