பொத்தான் அக்கா

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டுதான் அக்கா தன் தையல் கடையில் வழக்குக் கேட்பாள். வேலையை விட்டுத் துரத்தப்பட்டவர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கொட்டித் தீர்ப்பார். அவள் பாட்டுக்கு யாருடைய கால்சட்டைக்கோ மடிப்பு வைத்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு 'ம்' கூடக் கிடையாது. கடைசி ஊசி துணியில் ஏறி வாய் காலியானதும் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள்.

"கோவத்துல ராஜினாமா எழுதிக் குடுத்துட்டியா? இல்லியே? அப்பாடா, தப்பிச்சே! இன்னிக்கே போய் மனுவைப் போடு. முதலாளி நல்ல மனுஷன், கூப்பிட்டுப் பேசுவார்னு உட்கார்ந்திருந்தா கெடு தாண்டிப் போயிடும். சாட்சிக்குக் கண்ணால பார்த்தவங்களைக் கூட்டிட்டுப் போ. உனக்காக உருகுறவங்க வீட்டுலயே இருக்கட்டும்."

சட்டத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். அக்காவின் கவலையெல்லாம் வராந்தாவைப் பற்றித்தான். தொழிலாளர் தீர்ப்பாயத்தில் இரண்டு தரப்பும் காத்திருப்பது ஒரே வராந்தாவில், ஒரே நீள பெஞ்சில். உள்ளே குறுக்கு விசாரணை என்றால் வெளியே குசல விசாரணை. இரண்டில் பொல்லாதது குசல விசாரணைதான் என்பது அவள் கட்சி. ஆகவே, போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டைப் பொத்தானைக் கழுவிக் கொடுப்பாள். "பெஞ்சுல உட்கார்ந்ததும் வாயில போட்டுக்கோ. உள்ள கூப்பிட்டா எடு."

லாரி ஓட்டுநர் ஒருவர் பதற்றத்தில் பொத்தானை விழுங்கிவிட்டு ஓடி வந்தார். "அது கிடக்கட்டும், வராந்தாவுல ஏதாச்சும் பேசினியா?" என்று கேட்டாளே தவிர, அவர் வயிற்றைப் பற்றி விசாரிக்கவே இல்லை.

எல்லாம் பட்டுத் தெரிந்த புத்தி. ஒரு காலத்தில் அவளும் ஆடைக் கம்பெனியில் மெஷினில் இருந்தவள்தான். வெளியே தள்ளினார்கள், வேலையைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டாள். வராந்தாவில் சூப்பர்வைசர் வந்து, "ரொம்பக் கஷ்டப்படுறியாமே, பாவம்" என்றார். அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "நீங்க துரத்தினா செத்தா போயிடுவேன்? சொந்தக் கடை போட்டு ராணி மாதிரி இருக்கேன்!" அன்றைக்குக் கடையும் இல்லை, மெஷினும் இல்லை. உள்ளே போனதும் அந்த மனிதர் அதை அப்படியே ஒப்பித்தார். சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றாள். ராணிக்கு எதற்கு வேலை? வழக்கு ஊற்றிக்கொண்டது.

போன மாதம் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தது அவளுடைய சொந்த நாத்தனார். முதியோர் இல்லத்தில் உதவியாளர். தடுமாறி நடக்கிற ஒரு பெரியவரைக் கட்டிலோடு கட்டச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள், நின்றுவிடச் சொல்லிவிட்டார்கள்.

"வேற இடம் பார்த்துக்கலாமேடி?"

"இல்ல அண்ணி, எனக்கு அந்த இடம்தான் வேணும். நான் இல்லேன்னா அவரைக் கட்டித்தான் போடுவாங்க."

அக்கா டப்பாவைக் கவிழ்த்து, வெகுநேரம் கிளறி, விளிம்பு உடையாத ஒரு வெள்ளைப் பொத்தானை எடுத்துக் கொடுத்தாள். விசாரணை நாளன்று கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனாள்.

பெஞ்சின் மறுகோடியிலிருந்து இல்லத்தின் மேலாளர் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தார். "அம்மாவுக்கு மூட்டு வலி தேவலையா?" நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். கன்னத்தில் பொத்தான் புடைத்திருந்தது. இந்தப் பக்கம் பருப்பு வேகாது என்று கண்டுகொண்ட மனிதர் அக்காவிடம் திரும்பினார். "நீங்க தையல் கடை வெச்சிருக்கீங்களாமே. நாத்தனாரைக் கூட வெச்சுக்கக் கூடாதா? ஒரு ஆளைச் சேர்த்துக்கிற அளவுக்குக் கடை ஓடலையோ?"

அக்காவுக்கு முகம் ஜிவுஜிவு என்று சிவந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுறீங்க? என் கடையில இவ ராணி மாதிரி..."

நாத்தனார் அவள் கையை எட்டிப் பிடித்தாள். தன் வாயிலிருந்த பொத்தானை எடுத்து, முந்தானையில் துடைத்து, அண்ணியிடம் நீட்டினாள்.

அக்கா பொத்தானைப் பார்த்தாள். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.