ராஜவேலு வாய் திறக்கவில்லை

விசைத்தறிச் சேலையில் கைத்தறி முத்திரை ஒட்டி விற்பதை எதிர்த்து ஆரணியில் குமரேசன் பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தபோது, ராஜவேலுவும் பக்கத்திலேயே பட்டினி கிடந்தான். பத்திரிகைப் படத்தில் அவனுடைய முழங்கால் மட்டும் விழுந்திருந்தது. அதைப் பற்றி அவனுக்கு வருத்தமில்லை. குமரேசன் நெசவாளர் சங்கத் தலைவரானான். ராஜவேலு தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டும் வேலைக்கே திரும்பினான்.

குமரேசனுக்கு ஊருக்காக உயிரையும் கொடுக்கத் தெரியும். தோற்க மட்டும் தெரியாது. ஒரு தீபாவளிக்குப் பெரிய ஆர்டரை ஒப்புக்கொண்டுவிட்டான். ஊர்க் கைத்தறிகளில் பாதிகூட நெய்து முடியவில்லை. வெளியூரிலிருந்து விசைத்தறிச் சேலைகளை இறக்கி, முத்திரை ஒட்டும் வேலைக்கு ராஜவேலுவைக் கூப்பிட்டான். வேறு யாரையும் நம்ப அவனுக்கு மனமில்லை.

"இத ஒட்டறதுக்காடா அன்னிக்குப் பட்டினி கெடந்தோம்?" என்றான் ராஜவேலு.

"ஒரே ஒரு தடவடா. நம்ம ஜனத்துக்குத்தான பண்றன்."

ராஜவேலு முத்திரைகளை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தான். தன் மனைவி லீலாவிடம்கூட மூச்சுவிடவில்லை. ஆனாலும் பத்தாம் நாள் அதிகாரிகள் வந்து சங்கத்தின் கிடங்கைப் பூட்டினார்கள். தலைவர் பதவி போயிற்று, வழக்கும் வந்தது. முத்திரை ஒட்ட மறுத்தவன்தானே சொல்லியிருப்பான்? கடைத்தெருவில் எல்லார் முன்னாலும் குமரேசன் அவன் சட்டையைப் பிடித்தான். "என் கூட சாப்ட்டுகினே காட்டிக் குடுத்துட்டியேடா" என்றான். "நான் இல்லடா" என்றதை ஒருவரும் நம்பவில்லை. பாவு வேலைக்கு அவனைக் கூப்பிடுவது நின்றுபோனது.

புகார் எழுதியவன் குமரேசனின் மைத்துனன் சுதாகர். அடுத்த தலைவராகப் பதவியேற்ற அன்று, கூச்சமே இல்லாமல் அவனே ராஜவேலுவிடம் சொன்னான்: "மாமாவ எறக்காம நான் எப்பங்க ஏறுறது?"

அதற்குள் குமரேசனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அவன் மனைவி தேவகி தம்பி சுதாகரின் தயவில்தான் அடுப்பு மூட்டினாள். உண்மையைச் சொன்னால் அந்த வீடு உடையும். ராஜவேலு சொல்லவில்லை. தினமும் காலையில் போய் நண்பனைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டினான். குமரேசன் சுவரைப் பார்த்தபடியே குளித்தான். ஒருநாள் குழறிய வாயால், "ஏன்டா சொன்ன?" என்று கேட்டான். ராஜவேலு அடுத்த சொம்பு நீரை அவன் தலையில் ஊற்றினான்.

இரண்டு வருடம் கழித்துக் குமரேசன் செத்தான். துரோகத்தால் வீழ்ந்த உத்தமர் என்று சுதாகர் ஒலிபெருக்கியில் அழுதான். பாடையைத் தூக்கக் குனிந்த ராஜவேலுவைத் தேவகி தடுத்தாள்.

"நீங்க தொட வேணாம்ணா. கடைசி வரிக்கும் அவுரு மனசு ஆறல."

அவன் கூட்டத்துக்குப் பின்னால் சுடுகாடுவரை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் லீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனுக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்துவைத்தாள். பிறகு சொன்னாள்: "அந்த வீட்ட காப்பாத்தன, சரி. தனக்குன்னு ஒரு சினேகிதன் இருந்தான்னு தெரியாமலே அந்த மனுசன சாக வுட்டியே. அது யாருக்கு நல்லது?"

 அடுத்த மாதம் ராஜவேலு போளூரில் ஓர் அரிசி ஆலைக்கு மூட்டை தைக்கப் போய்விட்டான். ஆரணியில் அவனை யாரும் தேடவில்லை.