ஓடை மணலில் அப்பாவின் புல்லட்

ஆனைமலை அடிவாரத்தில் ஓர் ஓடை குறுக்கிடுகிறது. தண்ணீர் இல்லை, மணல்தான். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பி வந்த நண்பர்களின் நூறு சிசி வண்டிகள் துள்ளிக்கொண்டு அக்கரை சேர்ந்துவிட்டன. அப்பா விட்டுச்சென்ற என் புல்லட் மட்டும் பாதிச் சக்கரம்வரை புதைந்து நிற்கிறது.

"மலைக்கு இது ஆகாதுடா. என் பின்னால ஏறிக்கோ" என்கிறான் செந்தில். எனக்கு இதை விட்டுப் போக மனம் வரவில்லை.

பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் இறங்கி வந்து, வண்டியைக் கரைக்குத் தள்ளக் கைகொடுக்கிறார்.

"ஏனுங்க, என்ற தோப்புல நிறுத்திப்போட்டுப் போங்க. நான் பாத்துக்கறனுங்க."

சாவியைக் கொடுக்கிறேன். அவர் தயங்குகிறார்.

"ஒருக்கா உதைச்சுப் பாக்கட்டுங்களா? எங்கூட்டுலயும் ஒண்ணு இருந்துதுங்க."

"பாருங்க."

ஒரே உதையில் கிளப்பி, தோப்புக்குள் மெல்ல ஓட்டிப் போகிறார். செந்திலின் பின்னால் ஏறப்போனவன் அப்படியே நின்றுவிடுகிறேன். அப்பா இறந்த பிறகு நான் மட்டுமே ஓட்டிய வண்டி இது. இந்தச் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டுப் பல வருடமாகிறது. சிறுவயதில், அப்பா தெருமுனை திரும்பும்போது, வாசலில் நின்று இப்படித்தான் கேட்பேன்.