கரண்டம்மாவின் திரை

"ஜில்லுன்னு இருக்கும், பயந்துடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே தலைமுடியை வகிர்ந்து பசை வைக்கிறாள். இருபத்தொரு இடம், இருபத்தொரு ஒயர். நினைவில்லாமல் கிடப்பவர்களிடமும் இதே எச்சரிக்கைதான். மூளை அலைகளைப் பதிவு செய்யும் இந்த ஆஸ்பத்திரி அறையில் பதினாறு வருடம். நர்சுகள் வைத்த பெயர் கரண்டம்மா.

மனசு என்று தனியாக ஒன்று உண்டு என்று யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள். "மூளை ஓடுறதுக்குப் பேருதாங்க மனசு. உள்ள வேற ஆள் யாரும் குடியிருக்கல." தத்துவ வாத்தியார் ஒருவர் தலை நிறைய ஒயரோடு மடக்கப் பார்த்தார்: "என் பல்வலி அந்தத் திரையில ஓடுற கோட்டுல எங்கம்மா இருக்கு?"

"மேப்புல இருக்கிற ஆத்தைத் தொட்டா கை நனையுதா சார்? அதுக்காக ஆறே ஓடலைன்னு சொல்வீங்களா? ஆடாம படுங்க."

ஒரு விஷயத்தில் மட்டும் படு கறார். நோயாளியின் உறவினர்களுக்குத் திரையைக் காட்டமாட்டாள். கெஞ்சினாலும் அழுதாலும், "டாக்டர் சொல்வார்" என்பதோடு சரி. கோடுகளைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொண்டு, பிறகு இடிந்துபோனவர்களை நிறையப் பார்த்துவிட்டாள்.

போன வாரம் அந்தக் கட்டிலில் கிடந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். மாடிப்படியில் விழுந்து பன்னிரண்டு நாள், கண் திறக்கவில்லை. இந்தப் பதிவைப் பார்த்துத்தான் டாக்டர் மேற்கொண்டு முடிவு செய்வார். "உசுரு எங்கயோ போயிடுச்சுடி, உடம்புதான் கெடக்கு" என்றாள் அக்கா. கரண்டம்மாவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எங்க போவாரு? மூளை இங்கதானே இருக்கு? அப்ப மாமாவும் இங்கதான்." சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் பயம். ஒரு ஒயரை இரண்டு தடவை ஒட்ட வேண்டியிருந்தது.

மூளைக்குக் கேட்கிறதா என்று பார்க்க வழக்கப்படி காதருகே கைதட்டினாள். "மாமா!" என்று கூப்பிட்டாள். விரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள். எதற்கும் மசியாமல் திரையில் மெதுவாக ஓடும் அதே சோம்பல் அலை.

"நீ பேசுக்கா. அழாத. வீட்டுல பேசுற மாதிரிப் பேசு."

அக்கா மூக்கை உறிஞ்சினாள். கல்யாணமான நாளிலிருந்து தூங்கப் போகுமுன் கேட்கிற கேள்வி தானாக வாயில் வந்தது. "ஏங்க, கதவப் பூட்டினீங்களா?"

பூட்டிய கதவையே மூன்று தடவை போய் இழுத்துப் பார்க்கிற மனிதர் அவர். கட்டிலில் ஒரு விரல்கூட அசையவில்லை. திரையில் மட்டும் அத்தனை கோடுகளும் நெருங்கித் துடித்தன.

"இன்னொரு தடவ கேளு."

கேட்டாள். மறுபடியும் துடித்தன.

"என்னடி? என்ன தெரியுது?"

கரண்டம்மா பதினாறு வருடமாகத் தன் பக்கமே வைத்திருந்த திரையை இரண்டு கையாலும் பிடித்து, அக்கா பக்கம் திருப்பினாள்.