ஒன்றும் செய்யாமல் விழுந்தவர்கள்

கனிஷாய் வருவதற்கு முன்னால் அவள் குரல் வரும். "யாரது, குதிகால் மூடாத செருப்பு?" என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் கேட்டால், இந்தக் கோடியில் நாங்கள் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியில் எலும்பு முறிந்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் மறுபடி நடக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவள் அங்கே தலைமை நர்ஸ். நான் இடுப்பெலும்பு முறிந்து அங்கே சேர்ந்தேன். என் பசு என்னைத் தள்ளியது. நான் விழவில்லை. அதை அப்படியே எழுது.

மேய்ச்சல் மலையில் கூடாரத்தில் பிறந்தவள் அவள். பெண்குதிரையின் பால் கறந்து வளர்ந்த கை, இரும்பு மாதிரி. கம்பளி ஏற்றும் லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தாள். முதலில் அந்த ஆஸ்பத்திரியில் தரை துடைத்தாள், அப்புறம் படித்து நர்ஸ் ஆனாள். அவள் மாமியார் ஒரு பனிக்காலத்தில் முற்றத்துக் கழிப்பறைக்குப் போகும்போது வழுக்கி விழுந்தாள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து கனிஷாய் தரையைப் பங்காளியைப் பார்ப்பதுபோலத்தான் பார்ப்பாள்.

கட்டில்களின் காலை அறுத்துத் தாழ்த்தினாள். சுவரெல்லாம் பிடி அடித்தாள். சக்கர நாற்காலிக்கு பிரேக் போடாதவனைப் பெற்றவர்கள் வரைக்கும் இழுப்பாள். நம் சனங்கள் சும்மா வருவார்களா? பாட்டிக்குக் கால் குளிருமே என்று வீட்டிலிருந்து கம்பளி விரிப்பைக் கொண்டுவந்து கட்டிலடியில் விரிப்பார்கள். அவள் சுருட்டி வாசலில் நிறுத்துவாள். அவள் முதுகு திரும்பியதும் மருமகள்கள் விரிப்பார்கள். எங்கள் வார்டில் அந்த விரிப்புகள்தான் எங்களைவிட அதிகம் நடந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் ஆட்கள் விழுந்தார்கள். இருட்டில் இல்லை, குளியலறையில் இல்லை. பட்டப்பகலில், சாப்பாட்டுக் கூடத்தில், நாற்காலியில் நன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் விழுந்தார்கள்.

கனிஷாய் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். "விழுறப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க, ஆத்தா?"

"ஒண்ணும் செய்யலையே, மகளே. சும்மாத்தான் இருந்தேன்."

"தாத்தா, நீங்க?"

"நானும் சும்மாத்தான்."

சும்மா இருப்பவர்கள் எப்படி விழுவார்கள்? மாத்திரையை மாற்றச் சொன்னாள். தரையை முகர்ந்து பார்த்தாள். பெரிய டாக்டர் பெக்தூர் தரையையே பெயர்த்து வேறு போட்டார். புதுத் தரையிலும் விழுந்தார்கள்.

பெக்தூர் அவளைவிடச் சின்னவர். அதனால் மிரட்டுவதையும் மரியாதையாகத்தான் மிரட்டினார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. மாகாணத்துல இருந்து ஆய்வாளர் வர்றார். அதுக்குள்ள இன்னும் ஒருத்தர் விழுந்தா, உங்களைத் துணி துவைக்கிற இடத்துக்கு அனுப்பிடுவேன். உடம்பைப் பாத்துக்கங்க."

இது எங்கள் காதுக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் இடுப்பில் துணிப்பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு, "நட ஆத்தா, நான் இருக்கேன்" என்று சொல்பவள் அவள் ஒருத்திதான். அவள் துணி துவைக்கப் போனால் நான் யாரை நம்பிக் காலை எடுத்து வைப்பது?

ஆக, அவள் கூடத்தின் மூலையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மம்பெத்தாலி தாத்தா கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தார். தொண்ணூறைத் தாண்டியவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். நீர் இறங்க மாத்திரை கொடுத்திருந்ததால் ஒரு வாய் டீக்கு ஒருமுறை போவார், ஒருமுறை வருவார். அவர் வாசலில் தலை காட்டியதும் நாங்கள் எல்லோரும் எழுந்தோம். ஒற்றைக்காலர், இடுப்பு முறிந்தவர், ஒரு பக்கம் செத்துப்போனவர், எல்லோரும். அவரும் நடைச்சட்டத்திலிருந்து கையை எடுத்து, "உட்காருங்க, உட்காருங்க" என்று வீசினார். நாங்களும் ஆடினோம், அவரும் ஆடினார்.

"இதுதானா!" என்று கனிஷாய் தலையில் அடித்துக்கொண்டாள். "எழுந்திருக்கிறீங்களே, ஏன் சொல்லலை?"

"பெரியவர் வந்தா எழுந்திருக்கிறது ஒரு வேலையா?" என்றேன். "மூச்சு விடுறதையும் சொல்லணுமா உனக்கு?"

இனிமேல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றாள். சரி என்றோம். தாத்தா வந்தார். எழுந்தோம்.

மறுநாள் தாத்தாவின் நாற்காலியை வாசலோரம் போட்டாள். உள்ளே நடந்து வரவே வேண்டாமே என்று. எங்களில் வாசலைவிட்டு எவ்வளவு உள்ளேயோ அவ்வளவு மரியாதை. மூத்தவரைச் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார வைத்துவிட்டு யார் உள்ளே போய் உட்காருவது? எல்லோரும் அவரைவிட வாசலுக்கு நெருங்கி உட்கார இடம் தேடி வாசலை அடைத்துக்கொண்டோம். சக்கர நாற்காலிகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. கூடம் காலி. கஞ்சிப்பானை உள்ளே வர முடியாமல் ஜன்னல் வழியாக வந்தது.

அப்புறம் கனிஷாய் தாத்தாவின் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள். "தாத்தா, ஆய்வாளர் வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க எழுபது வயசுக்காரரா இருங்களேன்."

அவளுக்காக அவர் ஒப்புக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் தொண்டையைச் செருமினார். "எங்கப்பன் வருஷத்தைத் தப்பாச் சொல்லிட்டான். எனக்கு எழுபதுதான். யாரும் எழுந்திருக்க வேணாம்."

கதிராலிக் கிழவன், வாய் நீளமானவன், எண்பதைத் தாண்டியவன், விடவில்லை. "உங்க மூத்த மகனுக்கே எழுபது ஆச்சே?"

"அவன் எப்பவுமே அவசரக்காரன்."

சிரித்துச் சிரித்து எங்களுக்குப் புரையேறியது. ஆனால் சாயங்காலம் அதே கதிராலி கட்டையை ஊன்றிக்கொண்டு கூடத்துக்குள் வந்தபோது முதல் ஆளாக எழுந்தது யார் என்கிறாய்? மம்பெத்தாலி தாத்தாதான். "என்ன பண்றது, என்னைவிட மூத்தவன் வர்றானே" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் சாய்ந்தார். கனிஷாய் பாய்ந்து இடுப்புக்கச்சையைப் பிடித்ததால் தப்பினார். மறுநாள் காலையில் அவரைப் பழையபடி தொண்ணூறுக்கு ஏற்றினோம்.

அன்றைக்கு மேசையைத் துடைக்க வேண்டும் என்று ரொட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்கள். நல்ல வட்ட ரொட்டி, சூடு ஆறாதது. தாத்தா வந்தார், எல்லோரும் எழுந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

கனிஷாய் என் முன்னால் வந்து நின்றாள். "நீங்க மட்டும் ஏன் எழுந்திருக்கலை?"

"மடியில ரொட்டி இருக்கே, கண்ணு தெரியலையா? கீழே விழுந்தா யாருக்குப் பாவம்?"

"தாத்தா கோவிச்சுக்க மாட்டாரா?"

மம்பெத்தாலி தாத்தா வாசலிலிருந்தே பதில் சொன்னார். "ரொட்டியைவிடப் பெரியவன் எவன் இருக்கான்? நான் எந்த மூலைக்கு?"

அவ்வளவுதான். அடுத்த வேளையிலிருந்து கூடத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவர் மடியிலும் ஒரு ரொட்டி. தாத்தா உள்ளே வருவார். ரொட்டியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் குனிவோம். யாரும் எழாததால் அவருக்கும் கைவீச வேலையில்லை, இரண்டு கையும் சட்டத்திலேயே இருந்தன.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. கட்டிலுக்குக் கட்டில் கூப்பிடு மணி கட்டியிருந்தாள், யாரும் அடித்ததில்லை. நமக்கு மூத்திரம் வருகிறது என்று நாலு பிள்ளை பெற்ற கனிஷாயை ஓடி வரச் சொல்வதா, வெட்கமாக இல்லையா? ஆனால் ரொட்டிக்காகக் கூப்பிடுவதில் என்ன வெட்கம்? "மகளே, இந்த ரொட்டியை வாங்கிக்க" என்போம். அவள் வந்து ரொட்டியை ஒரு கையில் வாங்குவாள், நம்மை ஒரு கையில் பிடிப்பாள். நாம் நடப்போம். கட்டிலுக்கும் ரொட்டி கேட்டு வாங்கிக்கொண்டோம். சமையற்காரிதான் அடுப்பை அணைக்க முடியவில்லை என்று திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆய்வாளர் வந்தார். நல்ல தொப்பை, பளபளக்கும் தோல் ஷூ. கூடம் முழுக்கக் கிழடுகள் ரொட்டியைத் தாலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"ஏன் சாப்பிடாம வச்சிருக்காங்க?" என்றார்.

"இது சாப்பிடுற ரொட்டி இல்லீங்க, உட்கார்ற ரொட்டி" என்றான் கதிராலி.

பெக்தூர் அவசரமாக நடுவே புகுந்து அவரை உட்காரச் சொன்னார். ஆய்வாளருக்கு உட்கார நாற்காலி இல்லை. காலியாக ஒரு சக்கர நாற்காலி நின்றது, அதில் உட்கார்ந்துவிட்டார். "பிரேக்!" என்று கனிஷாய் அந்தக் கோடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். அதற்குள் மம்பெத்தாலி தாத்தா கழிப்பறையிலிருந்து திரும்பிவிட்டார்.

ஆய்வாளர் நல்ல வீட்டுப் பிள்ளை. வெள்ளைத்தாடியைப் பார்த்ததும் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். நாற்காலி பின்னால் போனது, ஷூ முன்னால் போனது. பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

நாங்கள் யாரும் அசையவில்லை. மடியில் ரொட்டி.

பெக்தூர் தூக்கப் போனார். கனிஷாய் அவர் கையைத் தட்டிவிட்டாள். "உடனே தூக்கக் கூடாது. ஐயா, அசையாதீங்க. தலை இடிச்சுதா? இடுப்பு வலிக்குதா? காலை மடக்குங்க." எல்லாம் பார்த்தாள், ஒன்றும் முறியவில்லை. பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, எங்களிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள். "விழுறப்ப என்ன செஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

"ஒண்ணும் செய்யலையேம்மா" என்றார் அவர். "சும்மாத்தான் இருந்தேன்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பில் ஒரு ரொட்டிகூடக் கீழே விழவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பெக்தூர் அவள் காதோரம் வந்தார். "அக்கா, இன்னும் ஒருத்தர் விழுந்துட்டாரே. நான் சொல்லியிருந்தேனே..."

"என் நோயாளி யாரும் விழலை, டாக்டர். இவர் உங்க விருந்தாளி. விருந்தாளி விழுந்தா வீட்டுக்காரர்தானே துவைக்கப் போகணும்?"

கனிஷாய் ஆய்வாளரைத் தூக்கி உட்கார வைத்து, பிரேக்கைப் போட்டு, மடியில் ஒரு ரொட்டியை வைத்தாள். அந்த மனிதர் டீ குடித்தார், தாத்தாவிடம் பேசினார், வந்தவர்கள் போனவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் குனிந்தார். வெளியே அவர் கார் உறுமிக்கொண்டு நின்றது. கிளம்ப வேண்டும், ஆனால் எழுந்திருக்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில், கொஞ்சம் கூச்சத்தோடு, எங்களை மாதிரியே கூப்பிட்டார்.

"அம்மா கனிஷாய், இந்த ரொட்டியைக் கொஞ்சம் வாங்கிக்கிறீங்களா?"

"வர்றேன், அதுவரைக்கும் எழுந்திருக்காதீங்க!" என்றது குரல். அவளுக்கு முன்னால் வந்தது.