மயிலாடி ஆசாரியின் முதுகு

"...இந்தச் சத்தம் வந்தா நாங்க அந்தக் கல்லத் தொடவே மாட்டோம் பிள்ளே. சாமிக்கு ஆவாது. படிக்கல்லுக்குத் தள்ளிருவோம்."

சொன்னவர் மயிலாடியில் சிலை கொத்துகிற ஆசாரி. கேட்டுக்கொண்டு நின்றவர் ஆஸ்பத்திரி நர்ஸம்மா. அடுத்த கட்டிலில் நான் — மலைக்காய்ச்சலும் அதற்குக் கொடுத்த குயினைன் மருந்தும் சேர்ந்து காதுக்குள் வண்டு பாட, பாதித் தூக்கத்தில். சென்ற வாரம் இந்தப் பத்தி வராமல் போனது ஏன் என்று இப்போது தெரிகிறதா?

அந்த நர்ஸம்மா காலையில் ஒவ்வொரு கட்டிலாக வருவார். முதலில் பார்ப்பார். பிறகு தொடுவார். பிறகு இடது கைவிரலை உடம்பில் பதித்து, அதன்மேல் வலது விரலால் தட்டுவார். கடைசியில் குழாயை வைத்துக் கேட்பார். இன்ஸ்பெக்‌ஷன், பால்பேஷன், பெர்கஷன், ஆஸ்கல்டேஷன்... நான் கேட்டதற்கு ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடற்கரைக் கோவிலில் லத்தீன் பூசை கேட்பது போல் இருந்தது. பொருள் தெரியாமலே கண் சொக்கியது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பலாப்பழம் வாங்கப் போனால் இந்த நாலையும் செய்யாமல் விடுகிறோமா? பார்க்கிறோம், அமுக்குகிறோம், தட்டுகிறோம், காதைக் கொடுக்கிறோம். வீட்டு மனிதருக்கு? "என்ன, சொகந்தானே?" — அதற்குள் வாசலைத் தாண்டியாயிற்று!

ஆசாரிக்கு மூச்சு முட்டல். படுத்தால் திணறும். வந்த நாள் முதல் தலையணையை மடியில் அணைத்து, உட்கார்ந்தபடியேதான் கண்ணயர்வார். அன்று நர்ஸம்மா அவர் முதுகில் தட்டிக்கொண்டே இறங்கினார். மேலே 'டொங்'... வலப்பக்கம் கீழே வந்ததும் 'தொப்'.

"டல்னஸ்" என்று தமக்குள் முனகினார்.

ஆசாரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளெல்லாம் கல்லைத் தட்டிக் கேட்ட காது! அப்போது சொன்னதுதான் நான் முதலில் எழுதியது. சொல்லிவிட்டு, வேட்டியையும் துண்டையும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்.

"எங்க போறீரு?"

"வீட்டுக்கு. விரிஞ்ச கல்லுல உளி வச்சு என்ன கிட்டும்? ஒங்க டாக்டருக்க ஊசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நர்ஸம்மா கோபப்படவில்லை. என் கட்டிலடியில் இருந்த மண்கூஜாவை எடுத்து அவர் முன்னால் பிடித்தார்.

"இதத் தட்டும், பாப்போம்."

மேல்பாதி பாடியது. கீழ்ப்பாதி... 'தொப்'.

"கூஜா விரிஞ்சா போச்சு?"

"அடியில தண்ணி கெடக்குல்லா!"

"ஒமக்கும் அதேதான் ஆசாரியாரே. நெஞ்சுக்கூட்டுக்குள்ள தண்ணி தங்கிக் கெடக்கு. எடுத்தா மூச்சு வரும். நீரு என்ன கல்லா?"

ஆசாரி வெகுநேரம் கூஜாவைத் தட்டிக்கொண்டிருந்தார். மேலே, கீழே. மேலே, கீழே. ஜன்னலுக்கு வெளியே வயல் அசைந்தது. மயிலாடிப் பாறைகள் எல்லாம் மெல்ல மூச்சு விடுவது போல எனக்குத் தோன்றியது... காய்ச்சல்தான், வேறென்ன? கண் திறந்தபோது மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

மத்தியானம் டாக்டர் ஊசி குத்தி நீரை இறக்கினார். சாயந்தரம் ஆசாரி மெதுவாக என் பக்கம் எட்டி, நெஞ்சில் விரல் பதித்துத் தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். 'டொங்'.

"பயப்படாதேயும் ஓய். இந்தக் கல்லு சாமிக்கே ஆவும்."

சொல்லிவிட்டு மடியிலிருந்த தலையணையைக் கட்டிலில் போட்டு, காலை நீட்டி, மல்லாந்து படுத்து, கண்ணை மூடினார்.